பொட்டு வைத்த பீர் மெஷின்

எங்கள் வீட்டில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. பீர் மாடிக்கு மட்டும். கீழே இறங்கி வரக் கூடாது. கல்யாணத்துக்கு முன்பே நான் போட்ட சட்டம் அது.

வில்லாபுரத்தில் எங்களுடையது சின்ன வீடுதான். கீழே ஹால், இரண்டு அறை, சமையலறை. வெளிச்சுவரை ஒட்டி மொட்டை மாடிக்குப் படி. சனிக்கிழமை சாயங்காலம் என் வீட்டுக்காரர் வேலை முடிந்து வரும்போது பைக் பெட்டியில் செய்தித்தாள் சுற்றிய பாட்டில் ஒன்று இருக்கும். வீட்டுக்குள் நுழையாமல் அப்படியே படியேறிவிடுவார். அவருடைய கிளாஸ் மேலேயே, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கவிழ்ந்திருக்கும். குடித்து முடித்ததும் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டு, பல்லும் தேய்த்துவிட்டுத்தான் கீழே இறங்குவார். அந்தப் பேஸ்ட் வாசத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். ஒரு குடும்பம் நிம்மதியாக நடக்க இவ்வளவு போதும் என்று நினைத்திருந்தேன்.

பெண் பார்க்க வந்த அன்று எங்கள் இருவரையும் பேசிக்கொள்ளச் சொல்லிக் கொல்லைப்பக்கம் அனுப்பினார்கள். மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, அவர் வாயைத் திறப்பதற்கு முன்னால் நான் கேட்டேன்.

"குடிப்பீங்களா?"

மனிதர் திகைத்துப் போனார். "எப்பவாச்சும். பீர் மட்டும்."

"குடிங்க. ஆனா நான் கிளாஸ் எடுத்துத் தர மாட்டேன். தண்ணி கொண்டாந்து தர மாட்டேன். முட்டை பொரிச்சுத் தர மாட்டேன். நான் இருக்கிற எடத்துல வச்சுக் குடிக்கக் கூடாது."

"நான் கேக்கவே மாட்டேன்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. மற்றதெல்லாம் பெரியவர்கள் பேசி முடித்தார்கள்.

அப்படிக் கேட்டதற்குக் காரணம் என் அப்பா. காய்கறிக் கமிஷன் மண்டியில் எடை போடுகிறவர். யாரையும் அடித்ததில்லை, எதையும் உடைத்ததில்லை, தெருவில் விழுந்து கிடந்ததில்லை. ஆனால் சாயங்காலம் ஆனால் ஹாலில் பாயை விரித்து உட்கார்ந்துவிடுவார். "ஏத்தா, கிளாஸ் கொண்டா" என்று ஒரு குரல் வரும். அந்த ஆத்தா நான்தான். கிளாஸ் கொண்டுபோவேன், செம்பில் தண்ணீர் கொண்டுபோவேன், அளவாக ஊற்றியும் கொடுப்பேன். அம்மா அடுப்படியில் முட்டை பொரித்துக்கொண்டிருப்பாள். எங்கள் வீட்டில் குடி என்பது அப்பா ஒருவர் செய்கிற காரியம் இல்லை. மூன்று பேர் சேர்ந்து செய்கிற காரியம். நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது ஈரல் கெட்டு அவர் போய்விட்டார். இன்னொரு ஆம்பிளைக்கு என் கை கிளாஸ் எடுத்துத் தராது என்று அதற்குப் பிறகு முடிவு செய்தேன். என் தோழிகளிடம், என் மகளிடம், ஒரு தடவை பள்ளிக்கூட ஸ்டாஃப் ரூமில்கூட இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன். நான் கணக்கு டீச்சர். அப்பாவுக்கு ஊற்றிக் கொடுத்தது எனக்கு எப்படிப் பிடிக்காமல் இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்வேன்.

என் வீட்டுக்காரருக்குக் குளிர்பதன இயந்திரங்களைச் சரிசெய்கிற கம்பெனியில் வேலை. ஐஸ்கிரீம் கம்பெனி, பழக் கிடங்கு, மீன் குடோன் என்று எங்கே குளிர் நின்றுபோனாலும் இவரைக் கூப்பிடுவார்கள். இடையில் கம்பெனி அவரைக் கொஞ்ச காலம் பெங்களூருக்கு அனுப்பியது. போனவர் திரும்பி வந்தபோது நாக்கு மாறி வந்தார். அங்கே சின்னச் சின்ன ஆலைகளில் அவர்களே காய்ச்சிக் கொடுக்கிற பீர் இருக்கிறதாம். கிராஃப்ட் பீர். ஒன்றில் ஆரஞ்சுத் தோல் வாசம், ஒன்றில் காப்பிக்கொட்டை வாசம். இங்கே கடையில் விற்பதை அதற்குப் பிறகு அவரால் மனதாரக் குடிக்க முடியவில்லை.

"ரேஷன் அரிசிக்கும் சீரகச் சம்பாவுக்கும் உள்ள வித்தியாசம்மா" என்பார்.

"அப்ப ரேஷன் அரிசியையும் விட்டுருங்களேன்" என்பேன்.

விடவில்லை. அதற்குப் பதில் இணையத்தில் ஒரு மெஷினைக் கண்டுபிடித்தார். அந்த மாதிரி பீரை வாங்கி அதில் ஊற்றி வைத்தால், கேஸ் அழுத்தத்திலும் குளிரிலும் அப்படியே இருக்குமாம். வாரக்கணக்கில் நுரை போகாது, ருசி மாறாது. குழாயைத் திருப்பினால் ஆலையில் பிடித்த மாதிரி வரும். குளிரும் கேஸும் ஒரே டப்பாவில் என்றால் இவருக்கு விடுவதற்கு மனசு வருமா? ஒரே ஒரு சிக்கல்: அந்த மெஷின் இன்னும் செய்யப்படவில்லை. வெளிநாட்டில் தாடி வைத்த நான்கு பையன்கள் அதைச் செய்யப்போவதாகச் சொல்லி, உலகம் முழுக்க இருக்கிறவர்களிடம் முன்கூட்டியே பணம் திரட்டினார்கள். ஊரில் கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி பிரிப்போமே, அந்த மாதிரி. சாமியும் தெரியாது, பூசாரியும் தெரியாது, என் வீட்டுக்காரர் வரி கட்டிவிட்டார்.

அதற்குப் பிறகு மாதம் ஒரு மெயில் வரும். காலையில் இட்லி சாப்பிட்டுக்கொண்டே அதைத் தமிழில் எங்களுக்கு வாசித்துக் காட்டுவார். வால்வில் கசிவு, வடிவத்தை மாற்றுகிறோம். மூடி செய்கிற கம்பெனி கையை விரித்துவிட்டது, வேறு கம்பெனி பார்க்கிறோம். கப்பல் தாமதம், மன்னிக்கவும். ஒன்றுவிட்ட தம்பிமாரைப் பற்றிப் பேசுவது போல அவர்களைப் பற்றிப் பேசுவார். "பாவம், பயலுக ராத்திரி பகலா ஒழைக்கிறானுக" என்பார். என் மகள் ஆறாம் வகுப்பில் இருந்தபோது ஆரம்பித்த இந்த வேடிக்கை, அவள் எட்டாம் வகுப்புக்குப் போன பிறகும் ஓடியது. மெஷின் வரவே வராது என்று நான் உள்ளுக்குள் உறுதியாக இருந்தேன். அதனால்தான் ஒரு வார்த்தையும் மறுத்துப் பேசவில்லை.

வந்துவிட்டது.

வெட் கிரைண்டர் உயரத்தில், கறுப்பாக, பளபளவென்று, முன்பக்கம் ஒரு குழாயும் நீல விளக்குமாக இருந்தது. பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "புது வாட்டர் ஃபில்டரா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

"மாடிக்குக் கொண்டுபோங்க" என்றேன் அவரிடம்.

"மாடியில பிளக் பாயின்ட் இல்லையேம்மா. அந்த வெயில்ல வச்சா ஒரே வாரத்துல கம்ப்ரசர் வாயப் பொளந்துரும். இது பாட்டில் இல்ல, மெஷினு."

"மெஷின்ல என்ன ஊத்துவீங்க? பால் பாயசமா?"

"சர்பத்து ஊத்துறேன். நன்னாரி. இந்தக் கேஸ்ல நன்னாரி சர்பத்து எப்படி இருக்கும்னு நீ குடிச்சுப் பாத்துட்டுச் சொல்லு. பிடிக்கலையா, தூக்கிருவோம்."

இங்கேதான் நான் கோட்டை விட்டேன். குடித்துப் பார்த்தேன். நன்றாக இருந்தது. சும்மா சொல்லக் கூடாது, பஸ் ஸ்டாண்டு சோடாக் கடையெல்லாம் பிச்சை வாங்க வேண்டும். புரட்டாசி வெயில் எங்கள் ஊரில் சித்திரைக்குச் சளைத்ததில்லை. ஸ்கூல் விட்டு வந்து அந்தச் சில்லிட்ட சர்பத்தை வாயில் வைத்தால் அன்றைய கத்தலெல்லாம் தொண்டையிலிருந்து இறங்கிவிடும். சமையலறையில் வாட்டர் ஃபில்டருக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கிக் கொடுத்தேன்.

என் மகளுக்கு அந்தக் குழாய் விளையாட்டுச் சாமான் ஆனது. அவள் அப்பா கற்றுக்கொடுத்தார். கிளாஸை முதலில் சாய்த்துப் பிடிக்க வேண்டும், பக்கச் சுவரில் வழிய விட வேண்டும், முக்கால்வாசி நிறைந்ததும் மெல்ல நிமிர்த்த வேண்டும். அப்போதுதான் மேலே விரல் உயரத்துக்கு மட்டும் நுரை நிற்கும். இரண்டே நாளில் அவருக்கு மேல் தேறிவிட்டாள். வீட்டுக்கு யார் வந்தாலும் தட்டில் கிளாஸை வைத்துக்கொண்டு அவள்தான் போவாள். வந்தவர்கள் பாராட்டுவார்கள், அவள் ஒன்றும் தெரியாதவள் போல நிற்பாள். நானும் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குள் ஆயுத பூஜை வந்தது. வீட்டில் எத்தனை சாமான் உண்டோ அத்தனையையும் துடைத்து, ஹாலில் வரிசையாக வைத்துச் சந்தனம் குங்குமம் வைக்கிற வேலை என்னுடையது. கிரைண்டர், மிக்சி, தையல் மெஷின், இவருடைய ஸ்பேனர் பெட்டி, கேஸ் அழுத்தம் பார்க்கிற கேஜ், என்னுடைய பேனா, மகளின் ஜாமெட்ரி பாக்ஸ், வாசலில் பைக். ஒரு கையில் சந்தனக் கிண்ணம், ஒரு கையில் குங்குமம். வாய் பக்கத்து வீட்டு அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தது. விரல் பாட்டுக்கு ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போனது.

பின்னால் என் வீட்டுக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

திரும்பிப் பார்த்தேன். நீல விளக்குக்கு மேலே, நெற்றியில் வைத்த மாதிரி, நடுவில் கச்சிதமாகச் சந்தனமும் குங்குமமும். பீர் மெஷினுக்கு நானே பொட்டு வைத்திருந்தேன்.

"நீயே பொட்டு வச்சுட்டம்மா. இனிமே இது நம்ம வீட்டுச் சாமான். யாரும் வெளிய போகச் சொல்ல முடியாது" என்றார்.

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மகளும் சிரித்தாள். சிரித்த பிறகு எப்படிச் சண்டை போடுவது? பொட்டு வைத்த சாமானைத் தூக்கி வெயிலில் போட எனக்குக் கை வராது என்பதும் அவருக்குத் தெரியும். படித்தவள்தான், கணக்கு டீச்சர்தான், ஆனாலும் வராது. கால் பட்டால் தொட்டுக் கும்பிடுகிற வகையில் அது சேர்ந்துவிட்டது.

அடுத்த சனிக்கிழமை சர்பத்தைக் காலி செய்து, கழுவி, உள்ளே பீர் ஊற்றினார். அதுவும் கடையில் வாங்கிய சாதாரண பீர். குடத்துத் தண்ணீரை அண்டாவில் ஊற்றி மறுபடி மொள்ளுகிற வேலை. ஆனால் சட்டத்தை மீறவில்லை. கீழே பிடித்துக்கொண்டு மேலே போய்த்தான் குடித்தார். இரண்டாவது கிளாஸுக்கு மறுபடி இறங்கி மறுபடி ஏறினார். முட்டி வலி உள்ள மனிதர். அதற்கடுத்த வாரம் மாடிப் படியில் பாதியில் உட்கார்ந்து குடித்தார். அப்புறம் கடைசிப் படியில். தீபாவளி நெருங்கும்போது கிளாஸ் வாசல் நாற்காலிக்கு வந்திருந்தது. ஒவ்வொரு படியாக இறங்கியதால் எந்தப் படியில் நின்று சண்டை போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. நியாயமாகப் பார்த்தால் முதல் படியிலேயே போட்டிருக்க வேண்டும்.

தீபாவளிக்குச் சில நாட்கள் முன்பு பெங்களூரிலிருந்து காரில் வந்த ஒரு நண்பர், இவர் ஆசைப்பட்ட அந்தச் சீரகச் சம்பா பீரைக் கொண்டுவந்து கொடுத்தார். எப்படிக் கொண்டுவந்தார், சட்டம் என்ன சொல்கிறது என்றெல்லாம் நான் கேட்டுக்கொள்ளவில்லை. அதை மெஷினில் ஊற்றிவிட்டு, ஒரு சொட்டுக்கூடக் குடிக்காமல் காத்திருந்தார். தீபாவளி அன்று மத்தியானம் திருமங்கலத்திலிருந்து அவருடைய அண்ணன் குடும்பத்தோடு வருவதாக இருந்தது. கம்பியும் சிமெண்டும் விற்கிற கடை அண்ணனுக்கு. "அண்ணனுக்கு முதல் கிளாஸ்" என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கல்யாண வீட்டுக்காரர் போல ஒரு பரபரப்பு.

வந்தார்கள். நான் அடுப்படியில் கறிக்குழம்பை இறக்கிக்கொண்டிருந்தேன். அண்ணன் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். ஹாலில் டிவி சத்தத்தை மீறி அண்ணன் குரல் கேட்டது.

"ஏத்தா, அந்த மெஷினுல ஒரு கிளாஸ் புடிச்சுக் கொண்டா, பாப்போம்."

என் மகள் புதுச் சுடிதாரின் துப்பட்டாவைப் பின்னால் முடிந்துகொண்டு உள்ளே வந்தாள். ஸ்டாண்டிலிருந்து ஒரு கிளாஸை எடுத்தாள். சாய்த்தாள். குழாயைத் திருப்பினாள். நிமிர்த்தினாள். கிளாஸின் அடியைத் துண்டால் ஒற்றித் தட்டில் வைத்தாள். எல்லாவற்றையும் கையில் கரண்டியோடு நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். தடுக்கவில்லை. இத்தனை நாள் சர்பத்துக்குச் செய்த அதே காரியம், அதே கை, அதே தட்டு. கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை. தட்டு ஹாலுக்குள் போன பிறகுதான் எனக்கு உறைத்தது.

"அடேங்கப்பா! நுரையப் பாரு, அளந்து வச்ச மாதிரி! நல்ல கைத்தா ஒனக்கு" என்றார் அண்ணன்.

"நான் பழக்குனதுண்ணே" என்றார் என் வீட்டுக்காரர்.

"அப்பாடா, எனக்கு இன்னைக்கு லீவு" என்று அக்கா வெங்காயத்திலிருந்து தலையை நிமிர்த்தாமல் சொன்னார். அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். அவர்கள் வீட்டில் அண்ணனுக்கு ஊற்றிக் கொடுப்பது அக்கா வேலை.

அடுப்படித் திரை வழியாக மகளின் முகம் தெரிந்தது. யாரும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. முகம் மலர்ந்து, உதட்டை மடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றாள். அந்த முகம் எனக்குத் தெரியும். கண்ணாடியில் பார்த்ததில்லை, ஆனால் உள்ளேயிருந்து தெரியும்.

என் அப்பா மண்டியில் எடை போடுகிறவர் என்று சொன்னேன் அல்லவா? நான் ஊற்றிய கிளாஸை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். "எம் மகளுக்குத் தராசுக் கைடி" என்று அம்மாவைப் பார்த்துச் சொல்வார். நாள் முழுக்க மூட்டை தூக்கிப் போட்டு எடை பார்த்த மனிதர், வாயில் வேறு நல்ல வார்த்தை எதுவும் வராத மனிதர், அதை மட்டும் தினமும் சொல்வார். அதற்காக நான் காத்துக்கொண்டிருப்பேன். அவர் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டதும், கூப்பிடுவதற்கு முன்பே கிளாஸைக் கழுவித் துடைத்து வைத்திருப்பேன். இத்தனை வருடம் எல்லோரிடமும் சொன்ன கதையில் இந்த இடம் இல்லை. எனக்கே மறந்துபோயிருந்தது என்றுதான் நினைக்கிறேன். மகளின் முகத்தைப் பார்த்த பிறகு மறந்த மாதிரி இருக்க முடியவில்லை.

அண்ணன் காலிக் கிளாஸை நீட்டினார். மகள் கையை நீட்டினாள். நான் போய் நடுவில் அந்தக் கிளாஸைப் பிடுங்கிக்கொண்டேன். பிடுங்கினேன் என்பதுதான் சரியான வார்த்தை.

"போதும். நீ உள்ள போ."

டிவியில் யாரோ பட்டிமன்றத்தில் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"வேணும்னா ஒங்க தம்பி புடிச்சுத் தருவாரு மாமா. பிள்ளை தராது" என்றேன்.

"என்னத்தா இப்ப? போன தடவை சர்பத்து குடுக்கலையா? பெரியப்பனுக்குத்தான குடுத்துச்சு, ரோட்டுல போறவனுக்கா?"

அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. நல்ல மனிதர், பிள்ளைகள் மேல் உயிரை வைத்திருப்பவர். அதனால்தான் பதில் சொல்வது கஷ்டமாக இருந்தது.

"குடுத்துச்சு மாமா. அப்பவே நான் நிறுத்தியிருக்கணும்."

என் வீட்டுக்காரர் எழுந்தார். என் முகத்தைப் பார்த்தார். மோட்டார் ரூம் பக்கத்தில் நின்று நான் பேசியது அவருக்கு அப்போது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். காது மடல் வரைக்கும் சிவந்துபோனது. கிளாஸை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனார். அவசரத்தில் கிளாஸைச் சாய்க்க மறந்துவிட்டார் போல. முக்கால் கிளாஸ் நுரையோடு வெளியே வந்தார்.

"ஏப்பா, பிள்ளை எம்புட்டோ தேவலப்பா" என்றார் அண்ணன். யாரும் சிரிக்கவில்லை. கறிச்சோற்றைப் பரிமாறினேன். சாப்பிட்டார்கள். வெயில் தாழ்ந்ததும் கிளம்பிப் போனார்கள்.

என் மகள் மாடியில் இருந்தாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாலாபக்கமும் வெடிச் சத்தம். நான் போய் உட்கார்ந்ததும் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"எல்லாரு முன்னாடியும் பிடுங்குற. நான் என்ன தப்பு செஞ்சேன்? ஒரு சொட்டு சிந்தலையே."

"சிந்தல. நல்லாத்தான் புடிச்ச."

"அப்புறம் என்ன?"

"நல்லாப் புடிச்சதுதான் எனக்குப் பயமா இருக்கு."

அவளுக்குப் புரியவில்லை. புரிகிற மாதிரி அதுவரை நான் சொன்னதும் இல்லை. அன்றைக்குத்தான் முதல் தடவையாக முழுசாகச் சொன்னேன். பாய், செம்பு, முட்டை வாசனை, செருப்புச் சத்தம், விளக்கு வெளிச்சத்தில் அப்பா தூக்கிப் பார்க்கிற கிளாஸ், தராசுக் கை. சொல்லும்போது எனக்கு அழுகை வந்தது. அப்பா மேல் கோபமா பாசமா என்று பிரிக்க முடியாத அழுகை.

"ஒனக்குப் பிடிக்காதுன்னுதானம்மா சொல்லுவ?"

"குடி பிடிக்காது. தாத்தா சொல்ற அந்த ஒரு வார்த்தை பிடிக்கும். அதுக்காகத்தான் ஓடி ஓடிப் போவேன்."

துப்பட்டா முடிச்சை அவிழ்த்துக்கொண்டே கேட்டாள்.

"அப்புறம் எப்பம்மா நிறுத்துன?"

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கேட்கிற எந்தக் கேள்விக்கும் நான் இவ்வளவு யோசித்ததில்லை.

"நிறுத்தல. தாத்தா செத்துப்போயிட்டாரு. அம்புட்டுதான்."

அவள் நகர்ந்து வந்து என் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தாள்.

படித் திருப்பத்தில் ஏதோ உரசுகிற சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் பீர் மெஷினை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு நின்றார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. நல்ல கனம் அது. முகமெல்லாம் வியர்வை. ஆயுத பூஜைச் சந்தனம் காய்ந்து அவர் சட்டையில் உதிர்ந்திருந்தது.

"பிளக் பாயின்ட் இல்லைன்னீங்க?" என்றேன்.

"போட்டுக்குவோம்மா" என்றார். மெஷினை இறக்கி வைத்துவிட்டு, மகள் தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

மறுவாரமே எலெக்ட்ரீஷியனைக் கூட்டிவந்து மாடிக்கு ஒயர் இழுத்தார். மெஷினுக்கு மேலே தகரம் போட்டு, சுற்றிச் சாக்குப் படுதா கட்டி, அதை நனைத்துவிட ஒரு குழாயும் வைத்தார். திருமங்கலத்து அண்ணன் பார்த்துவிட்டு, "கோயிலே கட்டிட்டியேப்பா, கும்பாபிஷேகம் எப்போ?" என்று கேலி செய்தார். சித்திரை வெயிலில் கம்ப்ரசர் அடிக்கடி நின்றுபோகும். இவர் ஸ்பேனரோடு மேலே போவார். பெங்களூர் பீர் அதற்குப் பிறகு ஒரே ஒரு தடவைதான் வந்தது. மற்ற நாளெல்லாம் ரேஷன் அரிசிதான். அவரே நிரப்பி, அவரே பிடித்து, அவரே கழுவிக் கவிழ்த்துவிட்டு இறங்குகிறார். இப்போது பல் தேய்ப்பதில்லை. மறைக்க ஒன்றும் இல்லை என்பதால் எனக்கும் அது பரவாயில்லை. என் மகள் நன்னாரி சர்பத்தைப் பழைய மாதிரி குண்டானில் கலக்குகிறாள். வேண்டியவர்கள் மொண்டு குடித்துக்கொள்கிறோம்.

இந்த வருட ஆயுத பூஜை அன்று எனக்குக் கையில் சுளுக்கு. அதனால் பொட்டு வைக்கிற வேலையை மகளிடம் கொடுத்தேன். கிரைண்டர், மிக்சி, தையல் மெஷின், ஸ்பேனர் பெட்டி, கேஜ், என் பேனா, அவளுடைய புதுக் கால்குலேட்டர் என்று வரிசையாக, நிதானமாக வைத்துக்கொண்டே போனாள். வாசலில் பைக்குக்கும் வைத்துவிட்டு வந்து கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"மாடியில இருக்கிறதுக்கு வைக்கலையாத்தா?" என்று அவள் அப்பா கேட்டார்.

"அது ஒங்க சாமான்ப்பா. நீங்களே வச்சுக்கங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்கிற மாதிரி சாதாரணமாகத்தான் சொன்னாள்.

அவர் குனிந்து கிண்ணத்தை எடுத்தார். அதற்குள் சந்தனம் காய்ந்து ஓரத்தில் ஒட்டியிருந்தது. விரலால் சுரண்டிப் பார்த்தார், வரவில்லை. குழைக்கக் கொஞ்சம் தண்ணீர் வேண்டும். கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வழக்கம் போல எங்கள் இருவரையும் ஏறிட்டுப் பார்த்தார்.

நான் மகளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

அவரே போய்த் தண்ணீர் எடுத்துக்கொண்டு படியேறினார்.